சோஷாவின் பெயரில் எதை எழுதுவது? ஏஞ்சல்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவின் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

பேஸ்பால் புகழ்மன்றத்தில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழுக்களில், அண்மைக்கால மேலாளர்களையும் நிர்வாகிகளையும் நடுவர்களையும் பரிசீலிக்கும் குழுவின் முறை 2026 டிசம்பரில் வருகிறது. 8 பெயர்கள் அடங்கிய பட்டியல் 16 உறுப்பினர்கள் முன் வைக்கப்படும். அவர்களுள் 12 பேராவது ஒப்புக்கொண்டால்தான் ஒருவருக்குப் புகழ்மன்றம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் இடம் உண்டு. அந்த எட்டில் நம் அணியின் முன்னாள் மேலாளர் மைக் சோஷாவின் பெயர் வருமா, வரத்தான் வேண்டுமா என்ற கேள்வியை முன்னிட்டு, அவர் 2018இல் விலகியபோதே முடிந்திருக்க வேண்டிய நம் பழைய சண்டை மறுபடியும் மூளப் போகிறது. உண்மையைச் சொன்னால், அது நம்மிடையே முழுதாக அணைந்ததே இல்லை. அது மூளுவதற்கு முன்பே உங்கள் இரு தரப்பாரிடமும் ஒரு வேண்டுகோளை வைப்பதற்காகவே இந்த மடல்.

இரு தரப்பும் எவை என்பது உங்களுக்குத் தெரியாததன்று. ஒரு தரப்பு, பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில் 2002இல் வென்ற கோப்பையைக் காட்டி, அதற்கு முன்னும் பின்னும் இந்த அணிக்கு வேறொன்று கிடைத்ததா என்று கேட்கும். மறு தரப்பு, மைக் டிரவுட் என்ற பெரும் ஆட்டக்காரரைத் தம் கையில் வைத்துக்கொண்டு 2014இல் ஒரே ஒருமுறை, அதுவும் மூன்றே ஆட்டங்களுக்கு, பருவ முடிவில் நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுகளின் பக்கம் எட்டிப்பார்த்த மேலாளரை எப்படிப் பெரியவர் என்பது என்று கேட்கும். இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. ஆனால் இரண்டுமே, ஓர் அணிக்கு நேர்ந்த நன்மை தீமை எல்லாவற்றையும் அந்த அணி அமரும் இடமான டக்அவுட்டில் நின்ற மேலாளரின் பெயரில் எழுதிவிடுகின்றன. 19 ஆண்டுகள் ஒருவர் ஒரே இடத்தில் நின்றால் இது நேர்வது இயல்புதான். உரிமையாளர்கள் மாறினார்கள், பொது மேலாளர்கள் மாறினார்கள், அணியின் பெயரே மாறியது, அவர் மட்டும் மாறவில்லை என்பதால் நம் கை எப்போதும் அவரையே சுட்டியது. நான் கேட்பதெல்லாம், அவர் எடுத்த முடிவுகளை மட்டும் அவர் பெயரில் எழுதுங்கள். எழுதும்போது ஒன்றையும் விட்டுவிடாதீர்கள் என்பதுதான்.

கிரிக்கெட்டோடு வளர்ந்து பேஸ்பாலுக்குப் பிறகு வந்த நம்மவர்களுக்காக ஒரு சொல். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை எப்போது மாற்றுவது, யாரை எந்த இடத்தில் ஆட அனுப்புவது என்பதைக் களத்தில் நிற்கும் அணித்தலைவர் முடிவு செய்கிறார். பேஸ்பாலில் அந்த அதிகாரம் மேலாளருடையது. அடிக்கும் வரிசை, அடிப்பவருக்குப் பின்னே பந்தைப் பிடிக்கும் கேட்சராக யார், பந்துவீசும் பிட்சரை எப்போது இறக்குவது, எப்போது பன்ட் செய்ய, அதாவது பந்தை மட்டையால் மெல்லத் தட்டிவிட, சொல்வது, ஓடுபவரை எப்போது அடுத்த பேஸுக்குப் பாயச் சொல்வது ஆகியவை அவர் கையில் இருக்கின்றன. எந்த வீரரை எவ்வளவு சம்பளத்துக்கு வாங்குவது என்பது பொது மேலாளரின் வேலை. பெரிய தொகை என்றால் உரிமையாளரின் விருப்பமும் அதில் கலந்துவிடும். இந்த எல்லைக்கோடுதான் சோஷாவைப் பற்றிய வாதங்களில் முதலில் அழிந்துபோகிறது. சில ஆண்டுகளில் அந்தக் கோட்டை அழித்ததில் அவருக்கும் பங்கு உண்டு. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் எண்கள். 2000 முதல் 2018 வரை அவர் 1,650 ஆட்டங்களை வென்றார், 1,428 ஆட்டங்களைத் தோற்றார். இந்த மொத்தத்தை அப்படியே பார்த்தால் ஒன்றும் விளங்காது. முதல் 10 பருவங்களில் 900 வெற்றி, 720 தோல்வி. கடைசி 9 பருவங்களில் 750 வெற்றி, 708 தோல்வி. முதற்பகுதியில் ஆறுமுறை பிளே-ஆஃப், பிற்பகுதியில் ஒருமுறை. இவ்வளவு தெளிவாக நடுவில் உடையும் பணிவாழ்வு அரிது. அவரைப் போற்றுபவர்கள் முதற்பாதியிலும் தூற்றுபவர்கள் பிற்பாதியிலும் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதற்பாதியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதைப் பார்க்காத தலைமுறை ஒன்று இப்போது நம்மோடு அரங்கில் உட்கார்ந்திருக்கிறது. 1999இல் 92 ஆட்டங்களைத் தோற்று, உட்பூசலால் மேலாளரே பாதியில் விலகிய அணியைத்தான் அவர் ஏற்றார். அதுவரை அமெரிக்காவின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீகில் ஓர் ஆட்டத்தைக்கூட மேலாளராக நடத்தியிராதவர்; டாட்ஜர்ஸ் அணிக்காகப் 13 பருவங்கள் கேட்சராக நின்றவர் என்பதே அவரது பெரிய தகுதி. 2002இல் அணி முதல் 20 ஆட்டங்களில் 14ஐத் தோற்றது. அணியின் வரலாற்றிலேயே அதுதான் மிக மோசமான தொடக்கம். அதன்பின் அதே அணி 99 வெற்றிகளோடு பருவத்தை முடித்தது. அந்த ஆண்டு, மேஜர் லீகின் இரு பாதிகளுள் ஒன்றான அமெரிக்கன் லீகில், ஏஞ்சல்ஸ் அளவுக்குக் குறைவாக ஸ்டிரைக் அவுட் ஆன, அதாவது பந்தைக் களத்துக்குள் அடிக்காமலே ஆட்டமிழந்த, அணி வேறில்லை. பந்தை எப்படியாவது தொட்டு உள்ளே போடு, முதல் பேஸில் இருப்பவன் ஒரு ஹிட்டில் மூன்றாவது பேஸ் வரை ஓடு, எதிரணியைத் தவறுசெய்ய வை என்ற அந்த ஆட்டமுறை முழுக்க முழுக்க அவருடையது. இதை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது.

பிட்சர் பிரான்சிஸ்கோ ரோட்ரிகெஸ் அந்தச் செப்டம்பரில்தான் மேஜர் லீகுக்கு வந்தார். 20 வயது, அதுவரை ஆடியது 5 ஆட்டங்கள். அவரை அக்டோபரில், நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக, ஆட்டம் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இறக்குவது சாதாரணத் துணிவன்று. வழக்கமான பருவத்தில் ஒரு வெற்றிகூடப் பெறாத அந்த இளைஞர் அந்த பிளே-ஆஃபில் 5 வெற்றிகளைத் தம் பெயரில் பெற்றார். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை அந்த ஆண்டுதான் மேஜர் லீகுக்கு வந்திருந்த பிட்சர் ஜான் லாக்கியிடம் கொடுத்ததும் அதே வகையான முடிவு. 4-1 என்று வென்றோம்.

ஆனால் இங்கேயும் கணக்கு நேர்மையாக இருக்கட்டும். அதே உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் எதிரணியான சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 5-0 என்று முன்னிலையில் இருந்தபோது, நம் அணி தோல்விக்கு 8 அவுட் தொலைவில் இருந்தது. அவர்களின் மேலாளர் டஸ்டி பேக்கர் தம் பிட்சரை வெளியேற்ற, நம் ஸ்காட் ஸ்பீசியோ மூன்று ஓட்டங்களுக்கான ஹோம் ரன் அடித்தார். எட்டாவது இன்னிங்ஸில் டிராய் கிளாஸின் இரட்டையடி அணியை 6-5 என்று முன்னே கொண்டுவந்தது. அதில் சோஷாவின் முடிவு என்று எடுத்துக்காட்ட எனக்குப் பெரிதாக எதுவும் தென்படவில்லை. அந்த மாலையை நடத்தியவர்கள் ஆட்டக்காரர்கள். அதற்கு முந்தைய சுற்றில், மினசோட்டாவுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், மூன்று ஹோம் ரன்கள் அடித்து நம்மை உலகத் தொடருக்குக் கொண்டுபோன ஆடம் கென்னடி, அவற்றுள் மூன்றாவதை அடிப்பதற்கு முன் பன்ட் செய்யவே முயன்றார். அது கைகூடாமல் போன பிறகுதான் மட்டையை வீசி அடித்தார். மேலாளரின் திட்டம் பலிக்காமல் போனதும் சில சமயம் அணிக்கு நல்லதாகவே முடிகிறது. அந்தக் கோப்பையை முழுதாக அவர் தலையில் சூட்டுபவர்கள் இதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

2004 முதல் 2009 வரை ஆறு பருவங்களில் ஐந்துமுறை மேற்குப் பிரிவை வென்றோம். விளாடிமிர் குரேரோவும் பார்ட்டோலோ கோலோனும் வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டியது புதிய உரிமையாளர் ஆர்ட்டி மொரேனோவுக்கும் பொது மேலாளர் பில் ஸ்டோன்மனுக்கும். அந்த ஆண்டுகளில் மேலாளரின் கை எங்கே தெரிகிறது என்றால், நெருக்கமான ஆட்டங்களில். 2008இல் நம் அணி 765 ஓட்டங்களை எடுத்து 697ஐக் கொடுத்தது. இந்த அளவு வித்தியாசத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது 88 வெற்றிகளைச் சுற்றித்தான் இருக்கும். நமக்குக் கிடைத்ததோ 100, அணியின் வரலாற்றில் மிக அதிகம். இதைப் புள்ளிவிவரம் பேசும் நண்பர்கள் அதிர்ஷ்டம் என்பார்கள். ஒரு பகுதி அதிர்ஷ்டம்தான். ஆனால் ரோட்ரிகெஸ் அந்த ஆண்டு 62 ஆட்டங்களைக் காத்து முடித்துச் சாதனை படைத்தார் என்பதையும், புல்பென்னை, அதாவது ஆட்டத்தின் நடுவே இறங்கும் பிட்சர்களை, வரிசைப்படுத்துவது யாருடைய வேலை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறிய முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை முடிக்கும் கலையில் அக்காலத்தில் அவரை மிஞ்சியவர்கள் அதிகமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

2009 ஏப்ரலில் நம் பிட்சர் நிக் ஏடன்ஹார்ட் ஓர் ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் ஓட்டமின்றிப் பந்துவீசிய சில மணி நேரத்தில், குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த வாகனம் மோதி இறந்தார். அவருக்கு வயது 22. பருவம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் அந்தத் துயரைச் சுமந்த அணி 97 ஆட்டங்களை வென்றது. ஆண்டின் சிறந்த மேலாளர் விருது இரண்டாம் முறையாகச் சோஷாவுக்குக் கிடைத்தது. எண்களில் அகப்படாத மேலாளர்த் திறமை என்று ஒன்று உண்டென்றால், அது அந்த ஆண்டு வெளிப்பட்டது. அவரை வெறுப்பவர்களும் 2009ஐப் பற்றிக் குரலைத் தாழ்த்தியே பேசுவார்கள்.

இனி மறுபக்கம். பிளே-ஆஃபில் அவரது மொத்தக் கணக்கு 21 வெற்றி, 27 தோல்வி. 2002ஐ நீக்கினால் 10 வெற்றி, 22 தோல்வி. 2004, 2007, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் நம்மை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பியது. குறுகிய தொடர்களில் எதுவும் நடக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சொல்லின் பின்னே ஒளிந்துகொள்ள முடியாத ஒரு தருணம் இருக்கிறது.

2008, பாஸ்டனில் நான்காவது ஆட்டம். ஒன்பதாவதான கடைசி இன்னிங்ஸ், 2-2 என்று சமநிலை, ஓர் அவுட், மூன்றாவது பேஸில் ரெஜி விலிட்ஸ். அடிக்க நின்றவர் எரிக் ஐபார். சோஷா தற்கொலை ஸ்குவீஸுக்குக் கட்டளையிட்டார், அதாவது பந்து கையை விட்டுப் புறப்படும்போதே ஓடுபவர் ஓட்டம் எடுக்க ஹோம் பேஸை நோக்கிப் பாய வேண்டும், அடிப்பவர் எப்படியாவது மட்டையில் பட வைக்க வேண்டும். ஐபாரின் மட்டை பந்தைத் தொடவில்லை. பாஸ்டனின் கேட்சர் ஜேசன் வரிடெக் விலிட்ஸைத் துரத்திப் பிடித்தார். அடுத்த அரை இன்னிங்ஸில் பாஸ்டன் ஒரு ஓட்டம் எடுத்தது; 100 வெற்றி பெற்ற பருவம் அங்கே முடிந்தது.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, உங்களில் பலர் ஏற்கமாட்டீர்கள். ஓர் அவுட் இருக்கும்போது மூன்றாவது பேஸில் இருப்பவரை ஹோம் பேஸுக்குக் கொண்டுவர ஒரு நல்ல பறக்கும் பந்து போதும். ஆகவே அந்த ஸ்குவீஸ் தேவையற்ற சூதாட்டம் என்பது பொதுவான குற்றச்சாட்டு. ஆனால் ஐபார் சுலபமாக உயரப் பறக்கும் பந்தை அடிப்பவர் அல்லர், பன்ட் செய்யத் தெரிந்தவர். அந்த அணி 2002 முதல் அப்படித்தான் ஆடிப் பழகியது. முடிவு தவறானதன்று, நிறைவேற்றம் தவறியது என்றே நான் கருதுகிறேன். என்றாலும் அது அவருடைய முடிவு. வென்றிருந்தால் அவர் பெயரில் எழுதியிருப்போம் என்பதால், தோற்றதையும் அவர் பெயரில்தான் எழுத வேண்டும். அவரது ஆதரவாளர்கள் அந்தப் பந்தை ஐபாரின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவதை என்னால் ஒப்ப முடியவில்லை.

நாப்போலி விவகாரத்துக்கு வருவோம். இதைத் தவிர்த்துவிட்டுச் சோஷாவைப் பற்றி யாரும் பேச முடியாது, பேசவும் கூடாது.

மைக் நாப்போலி பந்தை வெகுதூரம் அடிக்கும் கேட்சர். ஜெஃப் மேத்திஸ் அடிக்கத் தெரியாத, ஆனால் பிடிக்கவும் பிட்சரை வழிநடத்தவும் நன்கு தெரிந்த கேட்சர். தாமே கேட்சராக இருந்த சோஷாவுக்கு அந்த இடத்தில் நிற்பவரிடம் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் அசைக்க முடியாத கொள்கை இருந்தது. ஆண்டுக்காண்டு நாப்போலியின் ஆட்டங்கள் மேத்திஸோடு பங்கிடப்பட்டன. 2010இல் கென்ட்ரிஸ் மொராலெஸ் வெற்றிக் கொண்டாட்டத்தில் காலை முறித்துக்கொண்ட பிறகு நாப்போலி பெரும்பாலும் முதல் பேஸுக்கு அனுப்பப்பட்டார். 2011 ஜனவரியில், வெர்னன் வெல்ஸைப் பெறுவதற்காக, நாப்போலி டொராண்டோவுக்குக் கொடுக்கப்பட்டார்; அங்கிருந்து சில நாட்களில் நம் பிரிவிலேயே இருந்த டெக்சஸுக்குப் போனார். அந்த ஆண்டு அவர் அங்கே .320 அடிக்கும் சராசரியுடன் 30 ஹோம் ரன்கள் அடித்து, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை டெக்சஸை இழுத்துச் சென்றார். அதே ஆண்டு மேத்திஸின் சராசரி .174. பல கோடி டாலர் ஒப்பந்தத்தோடு வந்த வெல்ஸின் சராசரி .218.

பரிமாற்றத்தில் கையெழுத்திட்டது பொது மேலாளர் டோனி ரீகின்ஸ். வெல்ஸின் சம்பளச் சுமையைச் சோஷாவின் பெயரில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாப்போலியை விட்டுக்கொடுக்கக்கூடிய பொருளாக ஆக்கியது, மேலாளர் பல ஆண்டுகள் எழுதிய அன்றாட வரிசைப் பட்டியல்தான். அது அவருடையது. அதே சமயம், மேத்திஸை எள்ளி நகையாடிய நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்து எங்கே வந்தது, கேட்சர் எப்படிப் பிடித்து நடுவரிடம் ஸ்டிரைக் வாங்கினார் என்பதை அளக்கும் கருவிகள் பரவலான பிறகு, நல்ல கேட்சரின் பிடி ஒரு பருவத்தில் எத்தனையோ ஓட்டங்களைக் காக்கிறது என்பது தெரியவந்தது. அடிக்கத் தெரியாத மேத்திஸும் 2020 வரை மேஜர் லீகில் வேலை பெற்றுக்கொண்டிருந்தார். சோஷா எதைத் தேடினாரோ அது வெறும் பழமைப்பற்றன்று. அதன் விலையை அவர் சரியாக நிறுக்கவில்லை, நாப்போலியின் மட்டையை மிகவும் மலிவாக மதித்துவிட்டார். கொள்கை சரி, அளவு தவறு என்பதே என் தீர்ப்பு. இரு தரப்பிலும் யாருக்கும் இது பிடிக்காது என்பதை அறிவேன்.

மேலே ஓர் எல்லைக்கோட்டைப் பற்றிச் சொன்னேன். 2009 ஜனவரியில் மொரேனோ சோஷாவுக்கு 2018 வரை நீளும் பத்தாண்டு ஒப்பந்தம் கொடுத்தார். மேலாளர்கள் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் காலம் தள்ளும் விளையாட்டில் அது கேள்விப்படாத நீளம். அன்று நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அதன் விளைவாக, 2011 அக்டோபரில் ஜெர்ரி டிபோட்டோ பொது மேலாளராக வந்தபோது, தமக்குக் கீழ் வேலைசெய்ய வேண்டியவர் தம்மைவிட நீண்ட ஒப்பந்தத்தோடும், உரிமையாளரிடம் தம்மைவிட நெருங்கிய செல்வாக்கோடும் அமர்ந்திருப்பதைக் கண்டார். 2012 மே மாதத்தில் சோஷாவின் நெடுநாள் தோழரும் அடிக்கும் பயிற்சியாளருமான மிக்கி ஹாட்சரை டிபோட்டோ நீக்கினார். அதிலிருந்து இருவருக்கும் இடையே இருந்தது பகை என்றே சொல்லிவிடலாம். நிர்வாகம் தயாரித்துக்கொடுத்த தகவல்கள் பயிற்சியாளர்கள் வழியாக வீரர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற குறையே 2015 ஜூனில் வெடித்த பூசலின் மையம் என்று அப்போது செய்திகள் வந்தன. 2015 ஜூலை 1 அன்று டிபோட்டோ பதவி விலகினார். மேலாளர் நின்றார், பொது மேலாளர் போனார்.

அவரைத் தூற்றும் நண்பர்களின் வலுவான வாதம் இதுதான், அவர்களோ டிரவுட்டின் வீணான ஆண்டுகளைப் பற்றியே பேசி இதைக் கைவிட்டுவிடுகிறார்கள். லீக் முழுவதும் எதிரணி அடிப்பவருக்கு ஏற்பத் தடுப்பாளர்களை இடம்மாற்றுவதும், பிட்சர்களைத் தகவலை வைத்து மாற்றுவதும் பரவிக்கொண்டிருந்த ஆண்டுகளில், நம் அணியில் அந்த அறிவு டக்அவுட்டின் படியில் நின்றுவிட்டது என்றால், அதைத் தடுத்த பொறுப்பு அங்கே நின்றவருடையது. அந்தச் சமநிலையற்ற ஏற்பாட்டை உருவாக்கிய பொறுப்பு மொரேனோவுடையது. ஒருவருக்குப் பத்தாண்டு ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டு, அவருக்கு மேலதிகாரி என்று இன்னொருவரை நியமித்தால் என்ன நடக்கும் என்பதை உரிமையாளர் அல்லவா எண்ணிப்பார்த்திருக்க வேண்டும்?

ஆனால் ஆல்பர்ட் பூஹோல்ஸின் 10 ஆண்டு, 24 கோடி டாலர் ஒப்பந்தமும், ஜாஷ் ஹாமில்டனின் 5 ஆண்டு, 12.5 கோடி டாலர் ஒப்பந்தமும் சோஷாவின் பெயரில் வரக்கூடாது. அந்த வீரர்களை வாங்கியதற்காக அணி இழந்த இளம் வீரர் தேர்வு வாய்ப்புகள் 2012, 2013 ஆண்டுகளில், இளம் வீரர்களை வளர்க்கும் பண்ணை அணிகளை வற்றச் செய்தன. அதன் பலன் சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 2016 முதல் பிட்சர்கள் ஒருவர் பின் ஒருவராக முழங்கை அறுவைக்குப் போனபோது, அவர்கள் இடத்தில் இறக்க ஆள் இல்லை. இதில் மேலாளர் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆயினும், 2017இல் பூஹோல்ஸின் பேஸ் ஏறும் விகிதம் .286 ஆகச் சரிந்த பிறகும் அவரை வரிசையின் நடுவிலேயே, டிரவுட்டுக்குப் பின்னே, ஆண்டு முழுதும் வைத்திருந்தது யார்? வாங்கியவர் உரிமையாளர், வரிசையில் எழுதியவர் சோஷா. இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

2012ஐப் பற்றியும் ஒரு சொல் சொல்லத் தோன்றுகிறது. அந்த ஆண்டும், 2002ஐப் போலவே, முதல் 20இல் 14ஐத் தோற்றுத் தொடங்கினோம். டிரவுட் வந்தார், அணி 89 வெற்றிகளில் முடிந்தது, வீட்டுக்குப் போனது. 88 வெற்றி பெற்ற டெட்ராய்ட் மத்தியப் பிரிவில் இருந்த காரணத்தால் பிளே-ஆஃபுக்குப் போய் உலகத் தொடரிலும் ஆடியது. அந்த ஆண்டைச் சோஷாவின் தோல்வி என்று நிச்சயமாகச் சொல்பவர்களின் நிச்சயம் எனக்கு வியப்பளிக்கிறது.

அவர் போன பிறகு என்ன ஆயிற்று என்பதை ஆதரவாளர்கள் மிகுந்த திருப்தியோடு சொல்கிறார்கள். 2019 முதல் 2025 வரை ஏழு பருவங்கள். பிராட் ஆஸ்மஸ், ஜோ மேடன், ஃபில் நெவின், ரான் வாஷிங்டன் என்று மேலாளர்கள் வந்து போனார்கள். ஷோஹெய் ஓட்டானியும் டிரவுட்டும் ஒரே அணியில் நின்ற ஆண்டுகளிலும் ஒரு பருவமாவது பாதிக்குமேல் வெற்றி பெறவில்லை. 2024இல் 99 தோல்விகள், அணியின் வரலாற்றில் மிக அதிகம். இது சோஷா நல்லவர் என்பதை நிறுவுகிறதா? இல்லை. பாதிக்குமேல் தோற்ற பருவங்களின் தொடர் 2016இலேயே தொடங்கியது. அதில் மூன்று அவருடையவை. பின்னால் வந்தவர்களின் தோல்வி நிறுவுவதெல்லாம், நோய் மேலாளரின் நாற்காலியில் மட்டும் இருக்கவில்லை என்பதைத்தான். மேடனின் கதை இதற்குப் போதிய சான்று. சோஷாவிடம் துணை நின்று கற்றுப் பின் டாம்பா பேயை 2008இல் உலகத் தொடருக்குக் கொண்டுபோனவர், சிகாகோ கப்ஸுக்கு 2016இல் கோப்பை வாங்கிக்கொடுத்தவர், இங்கே திரும்பி வந்து 2022 ஜூனில் 12 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்ற நிலையில் நீக்கப்பட்டார்.

மேடனைச் சொன்னதும், இந்த வாதங்களில் யாரும் எடுத்துப் பேசாத ஒன்று நினைவுக்கு வருகிறது. 2002இல் சோஷாவின் பக்கத்தில் நின்ற மேடன், பட் பிளாக், ரான் ரெனிக்கி ஆகிய மூவரும் பின்னர் வேறு அணிகளின் மேலாளர்களானார்கள். நல்ல உதவியாளர்களைத் தேர்ந்து, அவர்களைப் பேசவிட்டு, வளர்த்து அனுப்பியவர் அவர். மூவரும் போன பிறகு, 2011 முதல், அவருக்கு எதிர்க்கருத்துச் சொல்லும் அளவுக்கு வலுவான குரல் அந்த டக்அவுட்டில் இருந்ததா என்பது என் சந்தேகம். முதற்பாதிக்கும் பிற்பாதிக்கும் இடையே நிகழ்ந்த முறிவுக்கு நான் கண்ட காரணங்களில் இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன், ஆனால் இது நிறுவக்கூடிய கூற்றன்று, என் கணிப்பு மட்டுமே.

புகழ்மன்றத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் ஜிம் லேலண்ட் 16இல் 15 வாக்குகளோடு தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரது கணக்கு 1,769 வெற்றி, 1,728 தோல்வி, ஒரு கோப்பை. சோஷாவின் வெற்றிகள் குறைவு, வெற்றி விகிதமோ .536, லேலண்டினது .506, கோப்பை இருவருக்கும் ஒன்று. லேலண்டுக்கு இடம் உண்டென்றால் சோஷாவைப் பற்றிப் பேசவாவது இடம் இருக்க வேண்டும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியை வெள்ளிப் பதக்கம் வரை கொண்டுசென்றதையும் குழு கருத்தில் கொள்ளலாம், ஆனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபுறம், லூ பினியெல்லா அதே வாக்கெடுப்பில் 11 வாக்குகளோடு ஒரே ஒரு வாக்கில் தவறினார். அவருக்கு 1,835 வெற்றிகள். டஸ்டி பேக்கரும் தகுதி பெற்றிருக்கிறார், 2,183 வெற்றிகளோடும், 2022இல் ஹூஸ்டனில் ஒருவழியாகக் கிடைத்த கோப்பையோடும். 2002 அக்டோபரில் எதிரெதிர் டக்அவுட்டுகளில் நின்ற இருவர் ஒரே பட்டியலில் நிற்கக்கூடும். அந்த 16 பேரில் நான் ஒருவனாக இருந்தால் பினியெல்லாவுக்கும் பேக்கருக்கும் முதலில் வாக்களிப்பேன். சோஷாவின் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதற்காகப் போராடுவேன், இந்த முறை அவருக்கு வாக்களிக்க மாட்டேன்.

இதை ஏற்காதவர்கள் தாராளமாக மறுத்து எழுதுங்கள். மறுக்கும்போது ஓர் ஆட்டத்தைச் சொல்லுங்கள், ஓர் இன்னிங்ஸைச் சொல்லுங்கள், அன்று அவர் முன் இருந்த வேறு வழி என்ன என்பதையும் சொல்லுங்கள். ஐபாரின் பன்ட்டை எழுதுங்கள், நாப்போலி பெஞ்சில் உட்கார்ந்த நாட்களை எழுதுங்கள், டிபோட்டோவின் விலகலை எழுதுங்கள். 20 வயது ரோட்ரிகெஸின் கையில் பந்தைக் கொடுத்ததையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஹாமில்டனின் சம்பளச் சீட்டை மட்டும் மொரேனோவின் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
ஏஞ்சல்ஸ் ரசிகன்